சிவப்பாகப் பளபளக்கும் ஆப்பிள்தான் விற்கிறது என்றால், சுவைக்கு யாரும் காசு கொடுப்பதில்லையா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பழக்கடையில் ஆழ்ந்த சிவப்பில், பெரிதாக, பளபளவென்று இருக்கிற ஆப்பிள் முதலில் தீர்ந்துவிடுகிறது. பக்கத்துத் தட்டில் கோடுகோடாக, சற்று மங்கலாக இருக்கிற ஃபியூஜி ரக ஆப்பிள், தின்றால் நன்றாக இருந்தும் கடைசிவரை கிடக்கிறது. "மக்கள் வாயில் சொல்வது சுவை, கையில் எடுப்பது நிறமா? இதை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒருவர் ஒரு பழத்துக்குக் கொடுக்கிற விலையை வைத்து அவர் எதை மதிக்கிறார் என்று சொல்லிவிட முடியுமா? முடியும். ஆனால் காசை எடுத்து நீட்டுகிற அந்த நேரத்தில் அவருக்கு எது தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடியும். என் பதில் முழுக்க இதைச் சுற்றித்தான் வரும்.

நான் தோட்டக்கலையில் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பம் படித்தவன். பதினாறு வருடமாகக் குளிர்கிடங்குகளில் இறக்குமதி ஆப்பிளுக்கும் காஷ்மீர், இமாச்சல ஆப்பிளுக்கும் தரம் பார்த்து எழுதித் தருவது என் வேலை. பெட்டியைப் பிரித்து, பழத்தை அழுத்தி, அறுத்து, சாறு பிழிந்து அளப்பதில் நாள் போகும். வாங்குகிறவர் மனதை அளப்பது பொருளியல்காரர்களின் வேலை. அதை நான் படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஆகவே பழத்தைப் பற்றி நான் சொல்வதை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்களைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் ஒருவர் ஆப்பிளைக் கையில் எடுக்கிறார். நிறம், அளவு, வடிவம், தழும்பு, பளபளப்பு எல்லாம் அங்கேயே தெரிகிறது. கடித்தால் நறுக்கென்று இருக்குமா, சாறு வருமா, இனிக்குமா என்பது வீட்டுக்குப் போய் வெட்டினால்தான் தெரியும். என்ன மருந்து அடித்தார்கள், எத்தனை மாதம் கிடங்கில் இருந்தது என்பது தின்று முடித்த பிறகும் தெரியாது. பிலிப் நெல்சன் என்ற பொருளியலாளர் 1970இல் முதல் இரண்டு வகையையும் பிரித்துக் காட்டினார். மூன்றாவது வகையை 1973இல் டார்பி, கார்னி என்ற இருவர் சேர்த்தார்கள். மாம்பழம் என்றால் காம்புப் பக்கம் முகர்ந்தாலே பாதி தெரிந்துவிடும். வாழைப்பழத்தில் தோலே சொல்லிவிடும். ஆப்பிள் அப்படி எதையும் வெளியே காட்டாது. உள்ளே மாவாகிப்போன பழமும் நல்ல பழமும் வெளியே ஒரே மாதிரி இருக்கும். அதனால் ஆப்பிளில் மட்டும் கண்ணுக்கு இவ்வளவு வேலை வந்துவிட்டது.

கண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ரெட் டெலிஷியஸ் கதையை விடப் பெரிய பாடம் கிடையாது. நம் ஊரில் "வாஷிங்டன் ஆப்பிள்" என்று விற்றுப் பழகிய, அடியில் ஐந்து முடிச்சு வைத்த ரகம்தான் அது. அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் பெரு என்ற ஊருக்குப் பக்கத்தில், ஜெஸ்ஸி ஹயட் என்ற விவசாயியின் தோட்டத்தில் தானாக முளைத்த மரம். 1890களில் மிசௌரியைச் சேர்ந்த ஸ்டார்க் நாற்றுப்பண்ணை அதன் உரிமையை வாங்கி, தின்றவுடன் தோன்றிய சொல்லையே பெயராக வைத்து, 'டெலிஷியஸ்' என்று விற்றது. அப்போது அது இன்றுபோல் முழுச் சிவப்பு இல்லை. மஞ்சள் மேல் சிவப்புக் கோடு ஓடிய பழம். பிறகு ஏதோ ஒரு தோட்டத்தில் ஒரு கிளையில் மட்டும் கூடுதலாகச் சிவந்த பழம் காய்க்கும். அந்தக் கிளையை வெட்டி ஒட்டுக்கட்டிப் பெருக்குவார்கள். சில வருடம் கழித்து அதிலும் சிவந்த இன்னொரு கிளை கிடைக்கும். இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சிவப்புக்காகவே தேர்ந்தெடுத்தார்கள். இதில் யாரும் முட்டாள்தனம் செய்யவில்லை. அமெரிக்கத் தர விதிப்படி ரெட் டெலிஷியஸ் உச்சத் தரமான 'எக்ஸ்ட்ரா ஃபேன்சி' வாங்க, மேல்தோலில் 66 சதவீதமாவது நல்ல சிவப்பு இருக்க வேண்டும். சிவப்புக்கு விலை உண்டு, கடிக்கும்போது வருகிற சுகத்துக்கு விலை இல்லை என்றால், விவசாயி எதை நடுவார்?

சிக்கல் எங்கே வந்தது என்றால், புதிய வகைகள் முதிர்வதற்குப் பல வாரம் முன்பே சிவந்துவிட்டன. முன்பெல்லாம் நிறம் பழுத்ததற்கு அடையாளமாக இருந்தது. இப்போது அந்த உறவு அறுந்துவிட்டது. மாவுச்சத்து சர்க்கரையாக மாறி முடியும் முன்பே பறிக்க முடிந்தது. தோல் தடித்தது, கசந்தது. 1980களில் வாஷிங்டன் மாநில விளைச்சலில் ஏறக்குறைய முக்கால்வாசி இந்த ஒரே ரகம். பழத்தைப் பார்த்து வாங்கியவர்கள் தின்று பார்த்து ஏமாந்தார்கள்; கொஞ்சம் கொஞ்சமாக வேறு ரகத்துக்குப் போனார்கள். 1990களின் இறுதியில் வாஷிங்டன் விவசாயிகளுக்குப் பெரும் நட்டம். 2000இல் அமெரிக்க அரசு நிவாரணம் ஒதுக்க வேண்டியிருந்தது. அந்த நட்டம் முழுவதையும் சுவையின் தலையில் கட்டக் கூடாது. மிதமிஞ்சிய விளைச்சல், சீனாவிலிருந்து மலிவாக வந்த ஆப்பிள் சாறு, ஆசியப் பொருளாதார நெருக்கடி எல்லாம் சேர்ந்த அடி அது. ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த ரெட் டெலிஷியஸை 2018இல் காலா என்ற ரகம் முந்தியது என்பது உறுதியான செய்தி. காலா அதைவிடச் சிறியது, வெளிர் நிறம். கண்ணால் வாங்குகிற கூட்டம் மட்டுமே இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இதற்கு நேர் எதிர்க் கதை ஹனிகிரிஸ்ப். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1960இல் கலப்புச் செய்து, 1991இல் வெளியிட்ட ரகம். இடையில் தேறாது என்று ஒதுக்கிவிட்ட மரத்தை, டேவிட் பெட்ஃபர்ட் என்ற ஆய்வாளர் இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று காப்பாற்றினார். பார்ப்பதற்குத் திட்டுத்திட்டான சிவப்பு, அடியில் மஞ்சள். பழைய கணக்குப்படி அழகான பழமே கிடையாது. வளர்ப்பதும் கடினம். கால்சியம் குறைந்தால் தோலுக்கடியில் பழுப்புக் குழி விழும். தோல் மெல்லியது என்பதால் பக்கத்துப் பழத்தைக் குத்தாமலிருக்கக் காம்பைக்கூடக் கத்தரிக்கிறார்கள். இருந்தும் பல வருடங்களாக அமெரிக்கக் கடைகளில் மற்ற ரகங்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விலைக்குப் போனது. ஒரே காரணம் அதன் கடி. ஒருமுறை தின்றவர்கள் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை பெயரைக் கேட்டே வாங்கினார்கள். வீட்டில் போய்த்தான் தெரியும் என்றிருந்த குணம், பெயர் மூலமாகக் கடையிலேயே தெரிகிற குணமாக மாறிவிட்டது. உங்கள் ஃபியூஜிக்கு இல்லாதது இதுதான் என்று நினைக்கிறேன். கடைசியில் இதற்கு மறுபடி வருகிறேன்.

அந்தக் கடி என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. தமிழில் இதற்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. மொறுமொறு என்றால் முறுக்கும் அப்பளமும் நினைவுக்கு வரும். அது ஈரமில்லாத பொருளின் ஓசை. வெள்ளரிப்பிஞ்சைக் கடித்தால் மொறுமொறு என்று யாரும் சொல்வதில்லை, நறுக்கென்று இருந்தது என்போம். உணவு அறிவியலிலும் இதே பிரிவு உண்டு: உலர்ந்த பொருள் உடைவது வேறு, நீர் நிறைந்த பொருள் உடைவது வேறு. நல்ல ஆப்பிளின் சதையில் ஒவ்வொரு செல்லும் ஊதிய பலூன் மாதிரி நீர் அழுத்தத்தோடு விறைப்பாக இருக்கும். பல் பட்டதும் செல்கள் வெடிக்கும். அந்த ஓசையும் சாறும் ஒரே கணத்தில் வரும். பழம் மூப்படைந்தால் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் இளகிவிடும். அப்போது பல் பட்டால் செல்கள் உடையாமல் ஒன்றிலிருந்து ஒன்று கழன்றுவிடும். சாறு செல்லுக்குள்ளேயே பூட்டிக்கிடக்கும், நாக்குக்கு மாவு தட்டுப்படும். "மாவு மாவா இருக்கு, காஞ்சு போச்சு" என்று வாடிக்கையாளர் சொல்வார். அந்தப் பழத்தைப் பிழிந்து பார்த்தால் தண்ணீர் அதிகம் குறைந்திருக்காது. ஹனிகிரிஸ்பின் செல்கள் சாதாரண ஆப்பிளின் செல்களைவிடப் பெரியவை. அதுதான் கடித்தவுடன் சாறாகக் கொட்டுவதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

எங்கள் வேலையில் இதை அளக்கப் பெனட்ரோமீட்டர் என்ற கருவி வைத்திருக்கிறோம். பழத்தின் கன்னத்தில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோலைச் சீவிவிட்டு, 11 மில்லிமீட்டர் முனையை அழுத்தி, உள்ளே இறங்க எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று எழுதுவோம். எதிர்ப் பக்கத்திலும் ஒன்று, ஏனென்றால் வெயில் பட்ட பக்கமும் நிழல் பக்கமும் ஒன்றாக இருக்காது. கீழே சொட்டும் சாற்றில் ஒரு துளியை ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டால் பிரிக்ஸ் அளவு வரும். இனிப்புக்கு அது கிட்டத்தட்டச் சரியான கணக்கு. ஆனால் கருவி காட்டுகிற வித்தியாசமெல்லாம் வாய்க்குத் தெரியாது. நியூசிலாந்து ஆய்வாளர்கள் பயிற்சி பெற்ற சுவைஞர்களை வைத்துப் பார்த்ததில், உறுதியில் ஏறக்குறைய 6 நியூட்டன் வித்தியாசமாவது இருந்தால்தான் ஒரு பழம் மற்றதைவிடக் கெட்டி என்று சொல்ல முடிந்தது. இனிப்பில் ஒரு பிரிக்ஸுக்கு மேல் வேண்டியிருந்தது. பயிற்சி இல்லாத நமக்கு இன்னும் அதிகம் வேண்டியிருக்கும். "இந்தப் பெட்டி 13.2 பிரிக்ஸ், அந்தப் பெட்டி 13.6" என்று சொல்லி விலை ஏற்றுகிற மொத்த வியாபாரியைப் பார்த்தால் நீங்கள் கவலைப்பட வேண்டாம், உங்கள் வாடிக்கையாளர் நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

உறுதிதான் முதல் வாசல் என்பதைப் பல நாட்டு ஆய்வுகளும் ஒரே மாதிரி சொல்கின்றன. பழம் ஓரளவு கெட்டியாக, சாறோடு இருந்தால்தான் அடுத்த பேச்சு. மாவாகிவிட்டால் எவ்வளவு இனித்தாலும் மதிப்பெண் விழுந்துவிடும். அந்த வாசலைத் தாண்டிய பிறகு இனிப்பும் புளிப்பும் மணமும் பேசத் தொடங்கும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் காலா ஆப்பிளைத் தின்னக் கொடுத்து, எவ்வளவு விலை கொடுப்பீர்கள் என்று கேட்ட ஆய்வில் உறுதியும் இனிப்பும் இரண்டுமே விலையை உயர்த்தின. ஆக, உங்கள் கேள்விக்கு நேரான பதில் வேண்டும் என்றால், ஆம், சுவைக்குக் காசு கொடுப்பார்கள், தின்று பார்க்க வழி இருந்தால்.

இனிப்பு, புளிப்பு விஷயத்தில் மட்டும் மக்கள் ஒரே கூட்டம் இல்லை. சுவைச் சோதனைகளில் திரும்பத் திரும்ப இரண்டு கூட்டம் பிரியும். ஒரு கூட்டத்துக்கு ஃபியூஜி மாதிரி இனிப்பு தூக்கலாக, புளிப்பு குறைவாக வேண்டும். இன்னொரு கூட்டத்துக்குப் புளிப்பு இல்லாத ஆப்பிள் சப்பென்று இருக்கும், புளிப்பு ரகமான கிரானி ஸ்மித் பக்கம் போகும். இரண்டு பேருக்கும் நடுவே சராசரி எடுத்தால் இருவருக்குமே பிடிக்காத ஒரு பழம் வந்து நிற்கும். இதைவிடச் சிறிய மூன்றாவது கூட்டமும் உண்டு, மெத்தென்ற பழம் கேட்பவர்கள். என் பாட்டி கரண்டியால் சுரண்டித்தான் ஆப்பிள் தின்பார். அவருக்கு ஹனிகிரிஸ்ப் கொடுத்தால் எனக்குத்தான் திட்டு விழுந்திருக்கும். இன்னொன்றும் கவனியுங்கள்: ஆப்பிளின் புளிப்பு மாலிக் அமிலத்தால் வருவது, கிடங்கில் நாள் ஆக ஆக அது குறையும். மணமும் அப்படித்தான், ஆக்சிஜனைக் குறைத்த கிடங்கில் பல மாதம் வைத்த பழம் கெட்டியாக இருக்கும், மணம் மெலிந்திருக்கும். அதே ரகப் பெயரை வைத்துக்கொண்டு அக்டோபரில் வந்த பழமும் ஜூனில் வந்த பழமும் ஒன்று என்று சொல்ல முடியாது.

சரி, மக்கள் சொல்வதும் செய்வதும் ஏன் வேறாக இருக்கிறது? கேள்வித்தாள் கொடுத்து "எது முக்கியம்?" என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் சுவை என்றுதான் எழுதுவார்கள். "எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்டாலும் கூட்டித்தான் சொல்வார்கள், கையிலிருந்து காசு போகவில்லையே. இதைத் தவிர்க்க ஆய்வாளர்கள் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு துண்டு ஆப்பிள் தந்து, முழுப் பழத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று எழுதச் சொல்கிறார்கள். நீங்கள் 30 ரூபாய் என்று எழுதுகிறீர்கள். பிறகு ஒரு பெட்டியிலிருந்து சீட்டு எடுக்கிறார்கள். சீட்டில் 22 வந்தால் 22 கொடுத்துப் பழத்தை வாங்கியே ஆக வேண்டும். 35 வந்தால் பழம் கிடையாது. கூட்டி எழுதினால் விரும்பாத விலைக்கு மாட்டிக்கொள்வீர்கள், குறைத்து எழுதினால் விரும்பிய பழம் கை நழுவும். உண்மையை எழுதுவதுதான் லாபம். 1964இல் பெக்கர், டிக்ரூட், மார்ஷாக் என்ற மூவர் வகுத்த முறை இது. இப்படிக் கிடைத்த எண்ணுக்கும் வெறும் கேள்வித்தாளில் கிடைத்த எண்ணுக்கும் நிறைய இடைவெளி இருக்கும். ஆகவே "இத்தனை சதவீதம் பேர் கூடுதல் விலை தரத் தயார்" என்று எங்காவது படித்தால், அவர்கள் உண்மையில் காசை எடுத்து வைத்தார்களா என்று பாருங்கள்.

உண்மைக் காசோடு நடந்த ஒரு சோதனை எனக்கு மறக்காமல் இருக்கிறது. அமெரிக்காவின் ஐயோவாவில், இயற்கை முறையில் விளைந்த ஆப்பிளையும் சாதாரண ஆப்பிளையும் தோலில் கறை அதிகம், குறைவு என்று பல நிலைகளில் வைத்தார்கள். அந்தக் கறை மேல்தோலில் மட்டும் படரும் ஒரு பூஞ்சைப் படலம், உள்ளே சதைக்கு ஒன்றும் செய்யாது. கறை குறைவாக இருந்தவரை இயற்கைப் பழத்துக்குக் கூடுதல் விலை கிடைத்தது. கறை ஏற ஏற அந்தக் கூடுதல் கரைந்தது, அதுவும் சாதாரணப் பழத்தைவிட வேகமாக. மருந்தில்லாத பழம் வேண்டும் என்று மனதார நினைக்கிறவர்களும் மருந்தில்லாததால் வருகிற புள்ளியைப் பொறுத்துக்கொள்வதில்லை. இதை நான் பொய் வேஷம் என்று சொல்ல மாட்டேன். கறை என்றால் அழுகலின் தொடக்கம் என்று நம் கண் பல காலமாகப் பழகியிருக்கிறது. எந்தக் கறை தீங்கில்லாதது என்று யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை.

சந்தை விலையைப் பார்த்துக் கணக்குப் போடுவது இன்னொரு முறை. 1920களிலேயே பாஸ்டன் மொத்தச் சந்தையில் ஒருவர் தக்காளி, வெள்ளரி, அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய்கறி என்று நாள்தோறும் விலையையும் குணத்தையும் எழுதிவைத்து, அஸ்பாரகஸ் தண்டில் பச்சை நிறம் கூடக் கூட விலை கூடுவதைக் காட்டினார். அழகான முறை. ஆனால் அதில் வியாபாரி கண்ணுக்குத் தெரிகிற குணம் மட்டும்தான் விலையாக வரும். எல்லோரும் மதிக்கிற, எல்லாப் பழத்திலும் இருக்கிற குணமும் அதில் வராது. அழுகாமல் இருப்பதற்கு யாரும் தனியாகக் காசு கொடுப்பதில்லை, அதற்காக அழுகாததை யாரும் மதிக்கவில்லை என்று ஆகுமா?

ஜப்பானைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஃபியூஜி அங்கே 1939இல் ரெட் டெலிஷியஸையும் ரால்ஸ் ஜேனட்டையும் கலந்து பிறந்து, 1962இல் வெளிவந்த ரகம். மரத்திலேயே ஒவ்வொரு பழத்துக்கும் காகிதப் பை கட்டி, பறிக்கும் முன் சில வாரம் பையை எடுத்து வெயில் காட்டினால், சீரான, மாசுமறுவற்ற சிவப்பு வரும். பரிசு கொடுக்க அதுதான். பை கட்டாமல் முழு வெயிலில் வளர்ந்தது நிறத்தில் சீராக இருக்காது, ஆனால் இனிப்பு கூடுதல். அதை 'சன் ஃபியூஜி' என்று தனிப்பெயர் சொல்லி விற்கிறார்கள், அதற்கென்று வாங்கும் கூட்டமும் இருக்கிறது. பழத்தின் நடுவில் கண்ணாடிபோல் நீர் கோத்த பகுதியை அவர்கள் தேன் என்கிறார்கள், தேடி வாங்குகிறார்கள். அமெரிக்கத் தரச்சோதனையில் ஃபியூஜிக்கு மட்டும் விலக்கு உண்டு, மற்ற ரகங்களில் அதே நீர்க்கோப்பு குறையாக எழுதப்படலாம், ஏனென்றால் நாள்பட்டால் அந்த இடம் பழுப்பாகிவிடும். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைக் குறை என்று எழுதிவிட்டு, அந்தப் பழத்தையே மத்தியானம் ஆசையாகத் தின்றிருக்கிறேன்.

பரிசு என்றதும் நம் ஊர் ஞாபகம் வருகிறது. உங்கள் கடையில் ஆப்பிள் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அதைத் தாங்களே தின்னப் போகிறார்கள்? ஆஸ்பத்திரியில் இருக்கிறவரைப் பார்க்கப் போகிறவர், சீர்த்தட்டு வரிசைக்கு வாங்குகிறவர், பூஜைக்கு ஐந்து பழம் கேட்கிறவர், இவர்களுக்கெல்லாம் பழம் பார்க்க நன்றாக இருப்பதுதான் அதன் வேலை. பெரிதாக, சிவப்பாக, ஒரே அளவாக இருந்தால் கொடுக்கிறவர் மரியாதை நிற்கும். அவர்கள் நிறத்துக்குக் காசு கொடுப்பதில் ஒரு தவறும் இல்லை, அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு வாங்க வரும்போது வேறு வாடிக்கையாளர். இரண்டு பேரையும் ஒரே கணக்கில் போட்டால் "மக்களுக்குச் சுவை முக்கியமில்லை" என்ற முடிவுக்குத்தான் வருவோம்.

மெழுகைப் பற்றியும் ஒரு வார்த்தை. பளபளப்பு முன்பு விற்பனைக்கு உதவியது. இப்போது கடையிலேயே நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுப் பழத்தை வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆப்பிளுக்கு இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. சிப்பம் கட்டும் ஆலையில் கழுவும்போது அதில் ஒரு பகுதி போய்விடும். நீர் வற்றாமலிருக்க கார்னோபா பனைமெழுகோ அரக்கோ மிக மெல்லிதாகப் பூசுகிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளும் பழத்தின் மேல் தேன்மெழுகு, கார்னோபா, அரக்கு ஆகியவற்றை, பூசியதைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதிக்கின்றன. ஆபத்து பூச்சைவிட மனதில் அதிகம். ஆனாலும் வாடிக்கையாளரின் சந்தேகத்தை எதிர்த்து வாதாட வேண்டாம், அது தின்று பார்த்தாலும் தீராத வகைச் சந்தேகம். வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள் என்று சொன்னால் போதும்.

இனி எதை நான் தயக்கத்தோடு சொல்வேன் என்பதையும் பிரித்துவிடுகிறேன். நறுக்கென்று இருப்பது முதல் தேவை, கண் முதல் வாங்குதலைத் தீர்மானிக்கிறது, வாய் அடுத்த வாங்குதலைத் தீர்மானிக்கிறது, சுவை விருப்பத்தில் கூட்டங்கள் உண்டு, இந்த நான்கையும் உறுதியாகச் சொல்வேன். இந்த நாட்டுப் பழம், அந்த மாநிலப் பழம் என்ற பெயருக்குக் கிடைக்கும் கூடுதல் விலை சுவைக்காகவா, பற்றுக்காகவா, பழக்கத்துக்காகவா என்று பிரிப்பது கடினம். ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்கா, நியூசிலாந்து, ஐரோப்பா என்று ஆப்பிள் அன்றாடப் பழமாக இருக்கிற நாடுகளில் நடந்தவை. அங்கே கிடைத்த விலைக் கணக்கை நம் கடைக்கு அப்படியே பொருத்தக் கூடாது, திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் ஃபியூஜி. நம் சந்தையில் ரகத்தின் பெயர் சொல்லி விற்பது குறைவு. வாஷிங்டன், சிம்லா, காஷ்மீர் என்று ஊர்ப் பெயர்தான். 2019இல் அமெரிக்க ஆப்பிளுக்கு வரி 50லிருந்து 70 சதவீதம் ஆனபோது துருக்கி, ஈரான், இத்தாலிப் பழங்கள் அந்த இடத்தில் வந்தன. 2023 செப்டம்பரில் கூடுதல் வரி நீங்கியது. இதற்குள் நான் பார்த்த பல கடைகளில் பலகையில் இருந்த "வாஷிங்டன்" மட்டும் மாறவே இல்லை. வாடிக்கையாளர் நன்றாக இருந்த பழத்தை மறுபடி கேட்க நினைத்தாலும் கேட்க ஒரு பெயர் வேண்டாமா? பழத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் உள்ள எண்ணைப் பாருங்கள், எந்த ரகம் என்று அது சொல்லும். பெரிய பழமென்றால் 4016 ரெட் டெலிஷியஸ், 4131 ஃபியூஜி, 4017 கிரானி ஸ்மித், 4174 ராயல் காலா. அந்தப் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி, கீழே ஒரே வரி: "ஃபியூஜி, நல்ல இனிப்பு, நறுக்கென்று இருக்கும்." கிரானி ஸ்மித்துக்கு "புளிப்பு" என்றே எழுதுங்கள், புளிப்புக் கூட்டம் தானாக வரும்.

பெட்டி எடுக்கும்போது ஒரு பழத்தை அறுத்துத் தின்று பார்த்தே எடுங்கள். 113 கவுண்ட், 100 கவுண்ட் (ஒரு பெட்டியில் எத்தனை பழம் என்ற எண், எண் குறைந்தால் பழம் பெரிது) என்று அளவு பார்ப்பது சீர்த்தட்டுக்கு, வீட்டுக்கு வாங்குகிறவருக்குக் கவுண்ட் கூடிய சிறிய பழமே தாராளம். மொத்தத்தையும் தட்டில் அடுக்காமல் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்து மீதியைக் குளிரில் வையுங்கள், நம் வெயிலில் ஆப்பிள் பல மடங்கு வேகமாக இளகும். ஃபியூஜி, பழத்தைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவைக் குறைவாக விடுகிற ரகம் என்பதால் ரெட் டெலிஷியஸைவிட நின்று பிடிக்கும், கடைசிவரை கிடந்ததில் உங்களுக்கு அவ்வளவு நட்டம் வந்திருக்காது.

அப்புறம், சாயங்காலம் கூட்டம் வரும் நேரத்தில் ஒரு கத்தியும் தட்டும் வைத்து இரண்டு ரகத்தையும் துண்டு போட்டுக் கொடுத்துப் பாருங்கள். சுவைச் சோதனைகளில் முதலில் தின்ற துண்டுக்கு மதிப்பெண் கொஞ்சம் கூடவே விழும், அதனால் ஒருநாள் ஃபியூஜி முதலில், மறுநாள் ரெட் டெலிஷியஸ் முதலில் என்று மாற்றுங்கள். தின்றவர் என்ன சொன்னார் என்பதை எழுத வேண்டாம். எதை வாங்கினார், அடுத்த வாரம் வந்து எதைக் கேட்டார் என்று இரண்டு மாதம் நோட்டில் குறித்து வையுங்கள். அந்தக் கணக்கை இங்கே போட்டால் நான் கட்டாயம் படிப்பேன்.